சாகாத செல்களும் பாதி அழிந்த லேபிளும்

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அண்ணன் காலையில் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்னம்மா, செத்துச்சா?" வெளியாள் காதில் விழுந்தால் பதறிப்போவார். நான் "இல்லண்ணா" என்பேன். அவர் உச்சுக் கொட்டிவிட்டு ட்ரேயை எடுத்துக்கொண்டு போவார். மூன்று மாதம் இப்படியே போனது.

சாக வேண்டியவை செல்கள். கொல்ல வேண்டியது டிரெயில் என்ற புரதம். இது நம் உடம்பிலேயே இருப்பதுதான். நோய் எதிர்ப்புச் செல்கள் சில இதைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு அலைகின்றன. கெட்டுப்போன செல்லைக் கண்டால் இதை வைத்துத் தொட்டு, "நீ போகலாம்" என்று சொல்லிவிடுகின்றன. 1995-இல் ஒரு குழுவும் 1996-இல் இன்னொரு குழுவும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன. முதல் குழு டிரெயில் என்றது, அடுத்தது அப்போ-2 லிகண்ட் என்றது. இன்றும் குப்பியின்மேல் இரண்டு பெயரும் இருக்கும். புற்றுநோய்ச் செல்கள் பலவற்றைக் கொல்லும், சாதாரணச் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடும் என்பதால் அப்போது பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது. மருந்தாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஏன் சில செல்கள் இதற்கு அசையவே மாட்டேன் என்கின்றன? என் ஆராய்ச்சி அந்தக் கேள்வியின் ஓர் ஓரத்தில் நடக்கிறது.

அதற்கு முதலில் செத்துக் காட்டுகிற செல் ஒன்று வேண்டுமே! அதுதான் எனக்கு வாய்க்கவில்லை.

புரதத்தை நாங்கள் செய்வதில்லை, வாங்குகிறோம். முழு டிரெயிலில் 281 அமினோ அமிலங்கள். செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் 114-இலிருந்து 281 வரையிலான துண்டுதான் வேலை செய்வது. அந்தத் துண்டுக்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்து, புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தி விற்கிறார்கள். 10 மைக்ரோகிராம் ஒரு குப்பி. என் ஒரு மாத உதவித்தொகையில் பெரும்பங்கை விழுங்கும் விலை. ஆர்டர் போட்டு, கோப்பு நகர்ந்து, சரக்கு கடல் தாண்டி வந்து சேர ஏழு வாரம் ஆனது. பார்சலைப் பிரித்தால் ஐஸ் பேக் எல்லாம் உருகி வெதுவெதுப்பாகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலர்ந்த நிலையில் இருக்கும் புரதம் சில நாள் சாதாரண வெப்பத்தைத் தாங்கும், திரவமாகிவிட்டால்தான் அதற்குக் கண்டம் என்று பிறகுதான் தெரிந்தது. பார்சலைப் பார்த்துப் பதறிய நேரத்தில் உள்ளே இருந்த வழிமுறைத் தாளைப் படித்திருக்கலாம்.

படிக்கவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. 10 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரியும் அளவு கிடையாது. உப்பு கொஞ்சம் சேர்ந்திருந்தால் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் தெரியலாம், அவ்வளவே. சந்தேகத்தில் குப்பியைத் தட்டினேன், கவிழ்த்தேன், மூடியைத் திறந்து உள்ளே எட்டிக்கூடப் பார்த்தேன். பயண ஆட்டத்தில் அந்தத் தூள் மூடியிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுற்றி அடியில் இறக்க வேண்டும். நான் மூடியைக் கழற்றி டிஷ்யூவின்மேல் வைத்தேன். எத்தனை நானோகிராம் அந்த டிஷ்யூவுக்குப் போனதோ!

மிச்சத்தை ஒரு மி.லி. பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் கரைத்து, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். இதில் இரண்டாவது கொலை. இவ்வளவு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினால் முதலில் பானை குடிக்கும் இல்லையா, அந்த மாதிரி. அதனால்தான் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ. சேர்க்கச் சொல்கிறார்கள். மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்த மலிவான புரதம் சுவரை நிரப்பிக்கொள்ளும், விலை உயர்ந்த புரதம் திரவத்திலேயே நிற்கும்.

இப்போது நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். குப்பியைச் சுற்றி இறக்கிவிட்டு 100 மைக்ரோலிட்டர் விடுகிறேன். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகிறது. வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைப்பதில்லை, நுரை வந்தால் புரதம் கெடும். பத்து நிமிடம் சும்மா வைத்து, சுவரெல்லாம் நனையும்படி மெதுவாகச் சாய்த்து எடுக்கிறேன். பிறகு புரதம் ஒட்டாத வகை டியூபில் 5 மைக்ரோலிட்டர் வீதம் இருபது பங்கு. ஒரு பங்கில் 500 நானோகிராம்; மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற அளவில் செல் வளரும் ஊடகம் பத்து மி.லி.க்கு வரும். எல்லாம் மைனஸ் 80-க்குப் போகும். ஒரு பங்கு வெளியே வந்தால் அன்றே தீர்க்கிறேன், மீந்ததைத் திரும்ப உறையவைப்பதில்லை. மைனஸ் 20 போதாதா என்று கேட்பார்கள். பனிக்கட்டி படியாத வகை ஃப்ரீசராக இருந்தால் அது பனியைக் கரைக்கத் தானே அவ்வப்போது சூடாகும். நம் ஊர் மின்வெட்டும் சேர்ந்தால், நாம் தொடாமலேயே குப்பி பல முறை உருகி உறைந்திருக்கும்.

சரி, முதல் குப்பி போனது. அதை எந்தச் செல்மேல் போட்டேன் என்பது இன்னும் வேடிக்கை.

எங்களிடம் அப்போது நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவை எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். கையில் இருந்ததால் அதையே எடுத்தேன். 24 மணி நேரம் வைத்து, செல்களை உடைத்து, காஸ்பேஸ்-3 (சாவு நடக்கும்போது வெட்டுப்பட்டு வேலையைத் தொடங்கும் புரதம்) வெட்டுப்பட்டிருக்கிறதா என்று, குறிப்பிட்ட புரதத்தைப் படமாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் பார்த்தேன். படம் வெறுமை. மறுபடி, வெறுமை. அந்தப் புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி பழசோ என்று பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்கிப் பார்த்தேன், அதுவும் வெறுமை. எங்கள் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) செய்யும் அக்கா ஒருநாள் டீ குடித்துக்கொண்டே படத்தை எட்டிப் பார்த்தார்.

"எந்தச் செல்லுடி இது?"

"எம்.சி.எஃப்-7க்கா."

டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுல காஸ்பேஸ்-3யே கிடையாதுடி. இல்லாததை எப்படி வெட்டும்?"

அந்தச் செல்லின் காஸ்பேஸ்-3 மரபணுவில் மூன்றாவது எக்ஸானில், அதாவது புரதத்துக்கான குறியீடு உள்ள ஒரு துண்டில், 47 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் புரதமே உருவாவதில்லை. 1998-இலேயே வெளிவந்த செய்தி. போதாக்குறைக்கு, டிரெயிலுக்கு எளிதில் மசியாத செல் என்றும் அதற்குப் பெயர். ஐந்து பிளாட் ஓட்டியிருந்தேன். ஒரு செல்லைத் தொடுவதற்கு முன், அதில் எது இல்லை என்று அரை நாள் உட்கார்ந்து படிப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. டிரெயிலுக்கு என்றால் இறப்பு ஏற்பிகளான டி.ஆர்.4, டி.ஆர்.5 மேற்பரப்பில் இருக்கின்றனவா, உள்ளே காஸ்பேஸ்-8 இருக்கிறதா, காஸ்பேஸ்-3 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலி ஏற்பிகளும் உண்டு. அவை டிரெயிலைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சேதியை உள்ளே கடத்தாது.

என் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடமிடம் போய்ச் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். "ஜுர்காட் வாங்கிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜுர்காட் என்பது ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுவனிடமிருந்து 1970-களில் எடுத்து வளர்த்த டி-செல் வகை. டிரெயிலுக்கு நன்றாகச் சாகும். புனேயில் இருக்கும் தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து வரவழைத்தோம். இது ஊடகத்தில் மிதந்தே வளர்வது, தட்டின் அடியில் ஒட்டாது. ஆகவே டிரிப்ஸின் என்ற நொதியைப் போட்டுப் பிய்த்தெடுக்க வேண்டியதில்லை. இதன் அருமை கொஞ்சம் பொறுத்துத் தெரியும்.

புதுக் குப்பியும் வந்தது. இந்த முறை சுற்றி இறக்கினேன், பி.எஸ்.ஏ. சேர்த்தேன், பங்கு பிரித்தேன். வழிமுறைத் தாளை மூன்று முறை படித்தேன். கரைப்பதற்கு, கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டியான ஹூடில் இருந்த பி.பி.எஸ். பாட்டிலை எடுத்தேன்.

செத்த செல்களை எண்ண நான் பயன்படுத்திய அன்னெக்ஸின் முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். செல் இப்படி முறையாகச் சாகும்போது, அதன் சவ்வின் உட்பக்கம் இருக்கும் பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பிவிடும். சட்டையை உள்வெளியாகப் போட்டால் தையல் தெரியுமே, அப்படி. அன்னெக்ஸின்-V என்ற புரதம் அந்தக் கொழுப்பைத் தேடிப் பிடிக்கும். அதில் பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கட்டி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொரு செல்லாக எண்ணலாம். கூடவே ப்ரொபீடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயமும் உண்டு. சவ்வு ஓட்டையாகிவிட்ட செல்லுக்குள் மட்டும்தான் அது நுழையும். பச்சை மட்டும் தெரிந்தால் சாவு தொடங்கியிருக்கிறது, இரண்டும் தெரிந்தால் காரியம் முடிந்துவிட்டது. இந்த அன்னெக்ஸினும், டிரெயில் போலவே மரபணுவை வேறு உயிரில் வைத்துச் செய்த (ரீகாம்பினன்ட்) மனிதப் புரதம்தான். ஆக, கொல்வதும் மனிதப் புரதம், சாவை எண்ணுவதும் மனிதப் புரதம்.

ஜுர்காட்டில் டிரெயில் போட்டேன். அன்னெக்ஸின் பார்த்தேன். எதுவும் சாகவில்லை. இன்னொரு பங்கை எடுத்து அளவை இரட்டிப்பாக்கினேன், அதற்கும் அசையவில்லை. இப்படியே மூன்று வாரம். குப்பியே மோசம் என்று தீர்மானித்து, நிறுவனத்துக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சலும் எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

அக்காதான் என் வரைபடங்களை வரிசையாக மேசையில் பரப்பச் சொன்னார். நான் செல் தட்டில் டிரெயில் போட்ட குழிகளின் படங்களைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை. ஸ்டாரோஸ்போரின் போட்ட குழியின் படத்தில் விரலை வைத்தார். ஸ்டாரோஸ்போரின் எந்தச் செல்லையும் கொல்லும் முரட்டு மருந்து. 1 மைக்ரோமோலார் வைத்தால் போதும். முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைக்கும் குழி அது.

"இது என்ன இவ்வளவு கம்மியா இருக்கு?"

"அதான்க்கா தெரியல. மைக்ராஸ்கோப்ல பார்த்தா எல்லாம் செத்துதான் கிடக்கு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கண் செத்துவிட்டது என்கிறது, மெஷின் உயிரோடிருக்கிறது என்கிறது. மூன்று வாரமும் டிரெயில் குழியையே வெறித்துக்கொண்டிருந்த நான், எண்ணுகிற கருவியே பொய் சொல்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

அக்கா என்னை ஹூடுக்கு அழைத்துப் போய், செய்கிற ஒவ்வொன்றையும் அவர் எதிரில் செய்யச் சொன்னார். மருமகள் சமைப்பதை மாமியார் பார்ப்பதுபோல நின்றார். செல்லைச் சுற்றி இறக்கினேன், பி.பி.எஸ்ஸில் கழுவினேன், மறுபடி சுற்றினேன். மேலே நின்ற திரவத்தை எடுத்தபோது, அடியில் படிந்த செல் போய்விடுமே என்று கால்வாசி விட்டுவைத்தேன். அங்கே நிறுத்தினார்.

"எவ்வளவு விட்டுவெச்ச?"

"ஒரு 200 மைக்ரோலிட்டர் இருக்கும்."

"இந்த பி.பி.எஸ். யாரோடது?"

பாட்டிலைத் திருப்பினேன். மார்க்கரில் பி.பி.எஸ். என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்த தடம். நாங்கள் ஹூடுக்குள் எதை வைத்தாலும் ஸ்பிரிட் தெளித்துத் துடைப்போம். துடைத்துத் துடைத்து அந்த வரி போய்விட்டிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஜூனியர் எழுந்து வந்தான். "அக்கா, அது என்னோட ஈ.டி.டி.ஏ. போட்ட பி.பி.எஸ். ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்."

தட்டில் ஒட்டிய செல்களைப் பெயர்த்தெடுக்க அவன் 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கலந்து வைத்திருந்த பாட்டில் அது. ஈ.டி.டி.ஏ. உலோக அயனியைக் கண்டால் இறுக்கிக் கட்டிவிடும். அன்னெக்ஸின் அந்தக் கொழுப்பைப் பிடிக்க வேண்டுமானால் கால்சியம் வேண்டும். கால்சியம் இல்லாவிட்டால் அது வெறும் பச்சைத் தண்ணீர். அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டோம். நான் விட்டுவைத்த 200 மைக்ரோலிட்டரில் 400 நானோமோல் ஈ.டி.டி.ஏ. அதன்மேல் ஊற்றிய 100 மைக்ரோலிட்டர் பைண்டிங் பஃபரில் (அன்னெக்ஸின் ஒட்டுவதற்கான கரைசல்) கால்சியம் 2.5 மில்லிமோலார், அதாவது 250 நானோமோல். கால்சியம் மொத்தத்தையும் கட்டிவிட்டுக் கைவசம் மிச்சமும் வைத்திருக்கிறது ஈ.டி.டி.ஏ.!

ஒட்டி வளரும் செல்லில் அன்னெக்ஸின் பார்ப்பவர்கள் இந்த வலையில் தினமும் விழுகிறார்கள். டிரிப்ஸின் பாட்டிலிலேயே ஈ.டி.டி.ஏ. இருக்கும். நன்றாகக் கழுவாமல் விட்டால் இதே கதிதான். அதிக நேரம் டிரிப்ஸினில் விட்டால் நேர் எதிராக, நல்ல செல்லின் சவ்வும் சேதமாகி, சாகாததைச் செத்தது என்று காட்டும். ஜுர்காட்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். பாட்டில் உருவத்தில் தேடி வந்திருக்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா, "டிரெயிலை எதுல கரைச்ச?" என்று கேட்டார்.

அதே பாட்டில்.

டிரெயில் தனித்தனியாக வேலை செய்யாது. மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் 230-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று. மூன்று சிஸ்டீனும் நடுவில் ஒரே ஒரு துத்தநாக அணுவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடுப்பின் மூன்று கல்லும் ஒரு பானையைத் தாங்குவதுபோல என்று சொல்லலாம், ஆனால் இங்கே பானையை எடுத்தால் கற்களே சரிந்துவிடும். துத்தநாகம் போனால் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று தப்பாகப் பிணைந்துகொள்ளும், ஏற்பியைப் பிடிக்கும் திறன் படுத்துவிடும். இந்தப் படிக அமைப்பு வெளிவந்தே இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

கொல்கிற புரதத்துக்குத் துத்தநாகம், எண்ணுகிற புரதத்துக்குக் கால்சியம். ஒரே பாட்டில் இரண்டையும் பிடுங்கியிருக்கிறது. புரதங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. செல்களிடம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவற்றை நான்தான் கொன்றிருக்கிறேன்.

மூன்றாவது குப்பிக்கு மேடமிடம் கேட்கப் போன நாளைப் பற்றி எழுதப் போவதில்லை.

அது வந்ததும் சுத்தமான நீரில், பி.எஸ்.ஏ. சேர்த்துக் கரைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜுர்காட்டில் 50 நானோகிராம் அளவில் போட்டேன். நான்கு குழிகள்: எதுவும் போடாதது, டிரெயில் போட்டது, ஸ்டாரோஸ்போரின் போட்டது, காஸ்பேஸ்களைத் தடுக்கும் இசட்-வாட் கொடுத்துவிட்டு அதன்மேல் டிரெயில் போட்டது. கடைசிக் குழியை முன்பு நான் வைத்ததே இல்லை. அதில் சாவு நின்றால்தான் இது காஸ்பேஸ் வழியே நடந்த சாவு என்று உறுதியாகும்.

பன்னிரண்டரை மணி வாக்கில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். போடாத குழியில் செல்கள் ஜவ்வரிசி போல உருண்டு, பளபளவென்று. டிரெயில் குழியில் ஓரத்தில் ஒரு செல்லின் விளிம்பு துடித்தது. ஒரு பக்கம் கொப்புளம் எழுந்தது, அடங்கியது, இன்னொரு பக்கம் எழுந்தது. அடுப்பில் கஞ்சி கொதிக்கையில் அங்கங்கே மொட்டு விடுமே, அதேபோல. பத்து நிமிடத்துக்குள் அந்தச் செல் முழுக்கத் திராட்சைக் கொத்து மாதிரி ஆனது. நகர்த்திப் பார்த்தால் பக்கத்தில் நான்கு, அதற்கப்பால் இன்னும் பல. சாப்பிடப் போகவில்லை.

இந்தச் சாவுக்கு 1972-இல் அபர்டீனில் பெயர் வைத்தவர்கள், இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து அப்போப்டோசிஸ் என்றார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் அங்கிருந்த கிரேக்கப் பேராசிரியர். நேரில் பார்த்தால் இலை உதிர்கிற சாந்தம் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நான்கு மணி நேரத்தில் எடுத்து அன்னெக்ஸின் பார்த்ததில் பாதிக்கு மேல் செத்திருந்தன, பெரும்பாலும் பச்சை மட்டும். இசட்-வாட் குழி போடாத குழியை ஒட்டியே இருந்தது. இன்னொரு தட்டை இருபத்து நான்கு மணி நேரம் விட்டுப் பார்த்தபோது எல்லாச் செல்லிலும் இரண்டு சாயமும் ஏறியிருந்தது. எப்படிச் செத்தது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. பிணம் நாறிய பிறகு போஸ்ட்மார்ட்டம் செய்த மாதிரிதான். வேகமாகச் சாகும் செல்லுக்கு இரண்டு, நான்கு, ஆறு மணி என்று எடுத்துப் பார்க்க வேண்டும். எம்.சி.எஃப்-7-க்கு வைத்த 24 மணி நேரத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு இதற்கும் வைத்திருந்தால் மறுபடி ஏமாந்திருப்பேன்.

ஒரு பங்கைப் பலியிட்டு, ஜூனியரின் பாட்டிலில் கலந்து ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தும் பார்த்தேன். அதே ஃப்ரிட்ஜில் சுத்தமான கரைசலில் வைத்த பங்கு நன்றாகக் கொன்றது, இது தடுமாறியது. எனக்கு அது போதும். மேடமுக்குப் போதவில்லை, மூன்று முறை செய்யச் சொல்லியிருக்கிறார்.

ஜூனியர் இப்போது பாட்டிலுக்கு லேபிள் ஒட்டி, அதன்மேல் செலோடேப்பும் ஒட்டுகிறான். நான் என் பி.பி.எஸ்ஸை யார் கைக்கும் எட்டாத மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அண்ணன் திங்கட்கிழமை கேட்டபோது "செத்துச்சுண்ணா" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை யாராவது பார்த்திருந்தால் போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள்.

போன வாரம் நான்காவது குப்பி வந்தது. தயாரிப்புத் தொகுதி எண் வேறு. இதில் புரதத்தின் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தாலான வால் ஒன்றும் இருக்கிறது. அந்த வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடி சேர்த்தால் மும்மூன்றாக நிற்பவை இன்னும் பெரிய கொத்தாகத் திரண்டு, குறைந்த அளவிலேயே கொல்லும். பழைய குப்பியில் 50 நானோகிராமுக்குக் கிடைத்தது இதில் 20-லேயே வருகிறது. அதனால் பழைய எண்களோடு இதைச் சேர்த்து ஒரே வரைபடத்தில் போட முடியாது. நாளை காலை ஏழு அளவு வைத்து முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஜுர்காட்டை இன்றே பிரித்து வளர விட்டுவிட்டேன்.